பேணியில் எழுதிய பெயர்கள்

"பிள்ளை, உம்மடை எழுத்து வடிவான எழுத்தோ?"

சிவக்கொழுந்து படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்ட கேள்வி அதுதான். கிணற்றடியில் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்த மீனலோசனி கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். 1969ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு பின்னேரம் அது. யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கித் தமிழும் ஆங்கிலமும் படித்து முடித்தவள், புளியங்கூடலில் ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஊரில் அவளுடைய குரலைக் கேட்டவர்கள் குறைவு. அடுத்த வளவுச் சிவக்கொழுந்தின் குரலைக் கேட்காதவர்கள் ஒருவரும் இல்லை.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விளங்குது அக்கா," என்றாள் மீனலோசனி.

"பிள்ளையளை விடும். கண் மங்கின மனிசியளுக்கு விளங்குமோ? அடுப்படிப் புகைக்குள்ளை நிண்டு பாத்தாலும் தெரியவேணும்."

"எதிலை எழுதவேணும்?"

"பேணியிலை."

சொன்னபடியே தலையில் இருந்த சாக்கை இறக்கிக் கவிழ்த்தாள். பால்மா வந்த வெறும் தகரப் பேணிகள் கலகலவென்று முற்றமெங்கும் உருண்டன. ஊர்காவற்றுறைக் கடைகளில் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவையாம். கறுப்புப் பெயின்றும் ஒரு தூரிகையும் மடியிலிருந்து வெளியே வந்தன.

"இது பிடியரிசிப் பேணி. வீட்டுக்கு ஒண்டு. சோறு காய்ச்ச அரிசி அளக்கேக்கை அதிலை ஒரு பிடியை அள்ளி இதுக்குள்ளை போடவேணும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நான் வந்து எடுப்பன்."

"கோயிலுக்கோ?"

"கோயிலுக்குக் குடுக்க ஊரிலை ஆக்கள் இருக்கினம். இது இருதயச் சங்கத்துக்கு. நெஞ்சிலை வருத்தம் உள்ள பிள்ளையளைக் கொழும்புக்கு அனுப்பி வைத்தியம் பாக்கிற சங்கம்."

"நல்ல விசயம். என்ன எழுத?"

"சின்னாச்சி ஞாபகார்த்தப் பிடியரிசி."

மீனலோசனி ஒரு பேணியை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "நீளமாக் கிடக்கு அக்கா. சின்னாச்சி எண்டு மட்டும் எழுதினால் காணாதோ?"

"காணாது. ஞாபகார்த்தம் எண்டு போட்டால்தான் மரியாதை. பென்சன் சின்னாச்சி எண்டு எழுதாமல் விட்டீரெண்டால் எனக்குச் சந்தோசம்."

மீனலோசனி சிரிக்கவில்லை.

"சிரியும் பிள்ளை. ஊரே சிரிச்சதுதானே. நீர் மட்டும் ஏன் பிந்தி நிக்கிறீர்?"

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், பேணிகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கத் தொடங்கினாள். மீனலோசனி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தூரிகையை எடுத்தாள். இருட்டும்வரை எழுதினாள்.

'பென்சன்' என்ற பட்டம் வந்த கதையை அவள் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிந்துகொண்டாள்.

சின்னாச்சி சிவக்கொழுந்தின் தாய். இளம் வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிளைப்பு. குடிக்கத் தண்ணீர் அள்ளும் நல்ல கிணறு வயல்வெளிக்கு அப்பால் இருந்தது. மற்றப் பெண்கள் தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக ஒரே நடையில் வீடு வந்து சேர்வார்கள். சின்னாச்சி ஒற்றைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, பனையடியில் ஒருதரம், மதகடியில் ஒருதரம், கோயில் வீதியில் ஒருதரம் என்று இறக்கி வைத்து, இருந்து இருந்து வருவாள். புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் வார்க்கும் நாட்களில் பாதி வேலையில் வரம்பில் கையைப் பின்னுக்கு ஊன்றிக்கொண்டு சாய்ந்துவிடுவாள். அதைப் பார்த்த ஏரம்பு, அப்போது மீசை அரும்பிய இளந்தாரி, "சின்னாச்சியக்கா கவுண்மேந்திலை வேலை பாத்துப் பென்சன் எடுத்தவ, இனி அசையமாட்டா," என்று பகிடி விட்டார். ஏரம்பு பிற்காலத்தில் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேச்சராக வந்தார். அவர் விட்ட பகிடி அதற்கு முன்பே ஊர் முழுக்கப் போய், சின்னாச்சியின் பெயரோடு ஒட்டிவிட்டது.

சிவக்கொழுந்து எட்டு வயதில் தாயின் குடத்தைத் தான் தூக்கத் தொடங்கினாள். வாயைத் திறக்கத் தொடங்கியதும் அந்த வயதில்தான். "கொம்மாவுக்கு இண்டைக்கும் லீவோ?" என்று யாராவது கேட்டால், "ஓம், லீவுதான். உங்களுக்கென்ன, சம்பளம் வெட்டுப்படுதோ?" என்பாள். பெரியவர், சின்னவர் என்று பார்க்கமாட்டாள். அவளை வாய்க்காரி என்று ஊர் ஒதுங்கிப் போனது. ஒதுங்கிப் போனால் நல்லது, அம்மாவை நோண்டமாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு. கலியாணம் முடித்து, புருசன் குருநாகலில் பங்குக் கடை நடத்தப் போய், இரண்டு ஆண்பிள்ளைகளையும் வளர்த்து, தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு அவள் ஊரில் இருந்தபோதும் அந்த வாய் அப்படியே இருந்தது. தாயும் அவளோடேயே இருந்தாள்.

1968இல் சின்னாச்சிக்குக் கால் வீங்கி, படுக்க முடியாமல் போயிற்று. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததோ என்று விசாரித்தார். வந்தது என்று சின்னாச்சியே தலையசைத்தாள்.

"அந்தக் காய்ச்சலிலை இருதயத்துக்குள்ளை இருக்கிற கதவு ஒண்டு பழுதாகிப் போச்சு. அது வடிவாத் திறக்கிறேல்லை," என்றார் வைத்தியர். "இந்த நிலையிலை இவ்வளவு காலம் நடந்து திரிஞ்சதே பெரிய காரியம். சின்னனிலை கண்டிருந்தால் ஏதும் செய்திருக்கலாம்."

சிவக்கொழுந்து அதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டாள். அவர் சொன்னார்.

"அப்ப இது சோம்பல் இல்லையோ ஐயா?"

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சில நாட்களில் சின்னாச்சி செத்துப்போனாள். செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சிவக்கொழுந்து கதவின் கதையைச் சொன்னாள். கட்டிப்பிடித்து அழுத பெண்களின் காதுக்குள் சொன்னாள். பறைச் சத்தத்திலும் ஒப்பாரியிலும் அது ஒருவருக்கும் ஏறவில்லை. பாவம், துக்கத்தில் ஏதோ பறைகிறாள் என்று முதுகைத் தடவிவிட்டுப் போனார்கள்.

ஆண்டு முடிவில் ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு அவள் யாழ்ப்பாணம் போய் இருதயச் சங்கத்தின் படியேறினாள். இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்ரர் அரியநாயகம் ஒற்றை அறையில் நடத்திவந்த சிறிய சங்கம் அது. ஊரில் வண்டில்காரக் குலசிங்கத்தின் மகள் பவளத்துக்கும் அதே வருத்தம் என்பது அவளுக்குத் தெரியும். பவளம் மீனலோசனியின் வகுப்பில் படிக்கும் மெலிந்த பிள்ளை. மாதம் ஒருமுறை தகப்பன் ஊர்காவற்றுறைக்குக் கூட்டிப்போய் ஊசி போடுவிப்பார். கொழும்பில் ஒப்பிரேசன் செய்தால் பிள்ளை தப்பும், நாள் போனால் காரியம் கெட்டுவிடும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அரியநாயகம் தை மாதத்துக்குக் கொழும்பில் இடம் எடுத்துத் தர ஒப்புக்கொண்டார். செலவில் பாதியைச் சங்கம் பொறுக்கும், மீதியை ஊர் சேர்க்கவேண்டும். சேர்த்துக் கொடுப்பவர் விரும்பினால் தன்னுடைய தாய் தகப்பன் பேரைச் சங்கத்துப் பலகையில் எழுதலாம்.

பலகை என்றதும் சிவக்கொழுந்துக்கு வேறொன்றும் ஓடவில்லை. பலகை யாழ்ப்பாணத்தில் இருக்கட்டும், அதற்கு முன்னம் ஊரில் ஒவ்வொரு அடுப்படியிலும், ஒவ்வொரு குசினியிலும் அம்மாவின் பெயர் இருக்கவேண்டும். இருதய வருத்தத்துக்கென்று எடுக்கும் அரிசியில் அந்தப் பெயரைக் கண்டால், அவள் என்ன வருத்தக்காரி என்பது எவருக்கும் விளங்கும். அரிசியை ஏன் தெரிவு செய்தாள் என்பதற்கும் நியாயம் வைத்திருந்தாள்.

"காசு எண்டால் எங்கடையாக்கள் புருசனைக் கேக்கவேணும். அவர் கடை வைச்சுக் காலியிலை இருப்பார், பதுளையிலை இருப்பார். காகிதம் போய் மறுமொழி வர மழையும் வந்திடும். அரிசி எண்டால் விசயம் குசினிக்குள்ளையே முடிஞ்சுபோம்," என்று மீனலோசனிக்குச் சொன்னாள்.

விசயம் குசினிக்குள்ளேயே முடிந்துதான் போயிற்று. முதல் சனிக்கிழமை இருவரும் சாக்கோடு வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் பேணி வேலிக்கதியால் தடியில் கவிழ்ந்து கிடந்தது. இன்னொரு வீட்டில் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்து தேடி எடுத்து வந்தார்கள். மறந்துபோனோம் என்றார்கள். எலி தட்டிக் கொட்டிவிட்டது என்றார்கள். கூப்பனுக்குக் கிடைத்த பங்கீட்டு அரிசி புழுத்துப் போயிற்று, அதைப் போய் எப்படித் தருவது என்றார்கள். வெறுங்கையோடு மட்டும் ஒருவரும் அனுப்பவில்லை. தேங்காய் தந்தார்கள், காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் கட்டித் தந்தார்கள், ஒருத்தி முருங்கைக்காய் ஒடித்துத் தந்தாள். அரிசி மட்டும் இல்லை. இரண்டாம் சனியும் அதே கதை. சாக்கின் அடியில் கிடந்த அரிசி சிவக்கொழுந்து தன் வீட்டில் போட்டதும் மீனலோசனி போட்டதும்தான்.

"பேர்தான் பிழை," என்றாள் சிவக்கொழுந்து, வரும் வழியில். வழமையான உரத்த குரல் இல்லை. "செத்தும் அவ சோம்பேறிதான். பென்சன்காரிக்கு ஆர் அரிசி போடுவினம்?"

மீனலோசனி முருங்கைக்காய்க் கட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு எல்லாப் பெண்களும் கோயிலுக்கு வருவார்கள், அங்கே வைத்து முகத்துக்கு நேரே கேட்கப் போகிறேன் என்று சிவக்கொழுந்து சொல்லிவைத்திருந்தாள். செய்தி பரவியது. வியாழன் பின்னேரம் இராசமணி வந்தாள். சிவக்கொழுந்தின் புருசனுக்குத் தங்கை. விதவை, பிள்ளைகள் இல்லை. ஊரில் சிவக்கொழுந்துக்கு வாய் கொடுக்கக்கூடிய ஒரே பெண். மீனலோசனியும் அப்போது குசினியில் இருந்தாள்.

"மச்சாள், நாளைக்குக் கோயிலிலை சண்டையாம். நேரத்தைச் சொன்னால் வெள்ளன வந்து முன்னுக்கு இருப்பன்."

"நீ கதையாதை. உன்ரை பேணியும் வெறும் பேணிதான்."

"ஓம், வெறும் பேணிதான். நான் போடமாட்டன்."

"என்ரை அம்மா உனக்கு என்ன செய்தவ?"

"ஒண்டும் செய்யேல்லை. நல்ல மனிசி. அவவுக்குப் போடவேண்டியதை நான் போட்டிட்டன்."

"என்னத்தைப் போட்டனி?"

"அரிசி." இராசமணியின் குரல் தாழ்ந்தது. "போன வருசம், உந்த வீட்டு முத்தத்திலை. நீயும் போட்டனி, ஊரும் போட்டுது. வாய்க்கரிசி. இப்ப செத்த மனிசியின்ரை பேரைச் சொல்லி ஒவ்வொரு நாளும் ஒரு பிடி போடு எண்டு நிக்கிறாய். பிள்ளையளுக்குச் சோறு காய்ச்சிற அடுப்படியிலை நிண்டு எந்தத் தாய் அதைச் செய்வாள்? அதுவும் வருத்தக்காரப் பிள்ளைக்காக. குலசிங்கத்தின்ரை பெட்டைக்கும் இப்பவே போடுற மாதிரியெல்லோ கிடக்கு."

அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து மூடி ஆடியது. ஒருவரும் எழுந்து இறக்கவில்லை. மீனலோசனி தன் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு பேணியிலும் அதை எழுதியது அந்தக் கை. எழுதும்போது அவளுக்கும் படவில்லை.

"ஏன் ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்லை?" என்று கடைசியில் கேட்டாள் சிவக்கொழுந்து.

"உனக்கோ? உயிரிலை ஆசையில்லாதவள் ஆர் இருக்கிறாள் இந்த ஊரிலை?" என்றாள் இராசமணி. பிறகு தானே போய்க் கேத்தலை இறக்கி, மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் சண்டை நடக்கவில்லை. சனிக்கிழமை சிவக்கொழுந்து தனியாகப் போய்ப் பேணிகளைத் திரும்ப எடுத்து வந்தாள். ஒரு வீட்டிலும் வாய் திறக்கவில்லையாம். ஞாயிறு காலையில் அந்தச் சாக்கோடும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயோடும் பழந்துணியோடும் மீனலோசனியின் முற்றத்துக்கு வந்தாள்.

"அழிப்பம், பிள்ளை."

"நான் அழிக்கிறன். நீங்கள் இருங்கோ."

"இல்லை. நீர் எழுதினனீர், நான் அழிக்கிறன்."

துணியை நனைத்து நனைத்துத் தேய்த்தாள். பெயர் முதலில் கரைந்து வழியும். பிறகு சாம்பல் நிறமாகப் பேணியைச் சுற்றிப் படரும். பிறகு இல்லாமல் போகும். பாதிப் பேணி முடிய அவளுடைய முழங்கைவரை கறுத்திருந்தது. பலகையில் எழுதலாம்தானே அக்கா என்று மீனலோசனி மெல்லச் சொன்னாள். அவள் அடுத்த பேணியை எடுத்தாள்.

"இனி ஆற்றை பேரைப் போடுறது?" என்றாள் சிவக்கொழுந்து. "பேர் ஒண்டும் இல்லாத பேணியை இவையள் புளி போட்டு வைக்க எடுத்திடுவினம். பவளத்தின்ரை பேரைப் போடுவம் எண்டு தாயைக் கேட்டனான். ஊரெல்லாம் எழுதிவைச்சால் கண்ணூறு பட்டிடும் எண்டு அவள் அழுகிறாள். அதுவும் சரிதான்."

மீனலோசனி வகுப்பில் அன்றாடம் காண்கிற ஒன்றைச் சொன்னாள். யோசனை சொல்ல நினைத்துச் சொன்னதல்ல, ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னது.

"பிள்ளைகள் சிலேற்றிலை தங்கடை பேரை எழுதினால் அதை அழிக்க விடமாட்டினம் அக்கா. கணக்குச் செய்யச் சொன்னாலும் பேரை விட்டிட்டு மிச்ச இடத்திலைதான் செய்வினம்."

சிவக்கொழுந்தின் கை நின்றது. துணியைக் கீழே வைத்தாள்.

"அந்தந்த வீட்டுப் பிள்ளையின்ரை பேர்," என்றாள். "தன்ரை பிள்ளையின்ரை பேர் எழுதின பேணியை எந்தத் தாய் வெறும் பேணியா வைச்சிருப்பாள்?"

அதன் பிறகு மீனலோசனி ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு பெயர். சில வீடுகளில் எந்தப் பிள்ளையின் பெயர் என்று சண்டை வந்தது, இரண்டு பேணி கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளை சுகமாக இருக்க ஒரு பிடி, அது சுகமில்லாத பிள்ளைக்குப் போகும் என்றுதான் சிவக்கொழுந்து எல்லா இடமும் சொன்னாள். பவளத்தின் வீட்டுப் பேணியில் தம்பியின் பெயர். இராசமணியின் முறை வந்தபோது அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஆற்றை பேரை எழுதப் போறியள்? பசுக்கண்டின்ரை பேரையோ?"

மீனலோசனி தூரிகையைப் பெயின்றில் தோய்த்தபடியே நின்றாள்.

"என்ரை பேரையே எழுதும் ரீச்சர்," என்றாள் இராசமணி. "நானும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே."

மற்றப் பேணிகளைவிடப் பெரிய எழுத்தில் மீனலோசனி அதை எழுதினாள்.

அரிசி வந்தது. முதல் சனியே சாக்கைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தன் பேத்தியின் பேணி பக்கத்து வீட்டுப் பெடியனின் பேணியைவிடக் குறைந்து கிடக்கக் கண்ட ஒரு கிழவி, மருமகளைத் திட்டிவிட்டு உள்ளே போய் ஒரு சுண்டு அளவு அரிசி கொண்டுவந்து நிரப்பினாள். பச்சை, புழுங்கல், மொட்டைக்கறுப்பன், கூப்பன் என்று எல்லாம் ஒரே சாக்கில் கலந்ததால் அது சோறாக்க உதவாது. ஒன்று வேக ஒன்று வேகாது. ஊறவைத்து, இடித்து, மாவாக வறுத்து, ஊர்காவற்றுறைத் துறையடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சில்வெஸ்ரருக்குக் கொடுத்தார்கள். இடியப்பத்துக்கு இப்படி ஒரு மா தான் கண்டதில்லை என்று அவர் சொன்னார். புகழ்ந்தாரா பழித்தாரா என்று தெரியவில்லை, ஆனால் ஒவ்வொரு கிழமையும் வாங்கினார்.

அரிசியைச் சனிக்கிழமைகளில் சங்கக்கடை முற்றத்தில் நிறுப்பார்கள். தராசு ஏரம்புவினுடையது. அவருக்கும் சிவக்கொழுந்துக்கும் இடையில் நிறைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு சனி, தாய்க்குக் காய்ச்சல் என்று பவளம் தங்கள் வீட்டுப் பேணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய வீட்டிலிருந்து சங்கக்கடை கூப்பிடு தூரம். தெருவில் வரும்போதே எல்லோருக்கும் தெரிந்தது. பேணியைப் பூவரசடியில் இறக்கி வைத்தாள். குந்தினாள். எழும்பினாள். மதிலோரத்தில் மறுபடி இறக்கினாள். கையைப் பின்னுக்கு ஊன்றிக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினாள். பிறகு எழும்பி, சிரித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

ஏரம்பு தராசுத் தட்டைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்னாச்சியக்காவும் உப்பிடித்தான்," என்றார். "தண்ணிக்குடத்தை..." சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

முற்றத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் பவளத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரும் சிவக்கொழுந்தைப் பார்க்காமல் இருந்தார்கள். செத்தவீட்டில் காதுக்குள் சொல்லப்பட்ட கதவின் கதை அப்போதுதான் அவர்களுக்கு ஏறியது போலிருந்தது. சிவக்கொழுந்து என்ன சொல்லப்போகிறாளோ என்று மீனலோசனிக்குப் பயமாக இருந்தது. எட்டு வயதிலிருந்து சேர்த்து வைத்திருந்த பேச்சு அவளிடம் இருந்திருக்கும்.

"அரிசியை நிறுங்கோ அண்ணை," என்றாள் அவள். "பிள்ளை நிக்கிறாள்."

ஏரம்பு நிறுத்தார். நிறுத்து முடித்து உள்ளே போனவர், ஒரு பை நிறைய அரிசியோடு திரும்பி வந்து சாக்குக்குள் கொட்டினார். "இது சங்கக்கடை அரிசி இல்லை. என்ரை," என்று மட்டும் சொன்னார்.

தையில் பவளத்தையும் தாயையும் கூட்டிக்கொண்டு சிவக்கொழுந்து கொழும்புக்கு ரயில் ஏறினாள். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று மீனலோசனியும் போகவேண்டி வந்தது. வகுப்புக்கு வெளியே ஆங்கிலத்தில் நான்கு வசனம் சேர்ந்தாற்போல் பேசியிராதவள், ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்தியரிடமும் தாதிமாரிடமும் பேசினாள். நாக்கு ஒட்டியபோதெல்லாம் சிவக்கொழுந்தின் முழங்கை விலாவில் இடித்தது. ஒப்பிரேசன் நடந்த அன்று பவளத்தின் தாய் அழுதுகொண்டே இருந்தாள். சிவக்கொழுந்து மரவாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் வைத்தியர் வெளியே வந்து சொன்னதை மீனலோசனி தமிழில் சொல்ல வாயெடுக்கும் முன்னமே, அவருடைய முகத்தைப் பார்த்து இருவருக்கும் விளங்கிவிட்டது.

பவளத்துக்கு ஊசி தொடர்ந்தது. பாரம் தூக்கக்கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது, மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகளோடு அவளும் ஓடி வந்ததை மீனலோசனி யன்னலால் கண்டாள்.

நன்றி சொல்லச் சங்கத்துக்குப் போனபோது அரியநாயகம் பலகையைக் காட்டினார். "அம்மாவின்ரை முழுப்பேரைச் சொல்லுங்கோ. ஆளைக் கூப்பிட்டு எழுதுவிக்கிறன்."

சிவக்கொழுந்து பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். "வேண்டாம் ஐயா. பிள்ளையளின்ரை பேரிலை வாங்கின அரிசி. அதுக்கு மேலை அம்மாவின்ரை பேரைப் போட்டால் எங்கடை பொம்பிளையளுக்குப் பொய் சொன்ன மாதிரிப் போம்."

பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, மனத்துக்குக் கஷ்டமில்லையா என்று மீனலோசனி கேட்டாள். "பலகையிலை பாத்து ஆர் அறியப் போறான்? அறியவேண்டிய ஆள் தராசடியிலை நிண்டு சொல்லிப்போட்டார்," என்றாள் அவள். பிறகு பஸ் தீவுக்குப் போகும் பண்ணைக் கடலைத் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பேணிகள் நிற்கவில்லை. பவளத்துக்குப் பிறகு சுருவிலிலிருந்து ஒரு பெடியன் போனான், அதன் பிறகு வேலணையிலிருந்து ஒரு பிள்ளை. அரிசி கிடையாமல் ஊர் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலத்தில் சிவக்கொழுந்து பேணிகளில் பயறும் குரக்கனும் வாங்கினாள். வாய் குறையவில்லை. வெறும் பேணி வைத்திருந்தவர்கள் அவள் தெருவில் வருவதைக் கண்டால் பின்படலையால் போவார்கள். ஆனால் அவளுக்கு ஒரு பிழையை நேரே சொல்ல இராசமணியைத் தவிர இன்னும் இரண்டொருவர் துணிந்தார்கள். அவளும் கேட்டுக்கொண்டாள்.

1975இல் மீனலோசனிக்கு நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. வள்ளம் ஏற்றிவிட வந்த சிவக்கொழுந்தின் தலையில் ஒரு சாக்கு இருந்தது. இறக்கும்போதே சத்தத்தில் என்னவென்று தெரிந்தது.

"அக்கா, அங்கை எனக்கு ஒருத்தரையும் தெரியாது. வீடு வீடாப் போய்க் கேக்க என்னாலை ஏலாது."

"கொழும்பிலை ஏலாது எண்டோ நிண்டனீர்? முதல் வீட்டிலை நாக்கு ஒட்டும். பிறகு சரி வரும். அந்தத் தீவிலை இளைச்சு இளைச்சுத் திரியிற பிள்ளை ஒண்டெண்டாலும் இராதோ?"

வள்ளக்காரன் ஆட்களை ஏறச் சொன்னான். பேணிச் சாக்கை அவனே தூக்கி வள்ளத்தின் முன் அணியத்தில் வைத்தான். மீனலோசனி சேலையை ஒதுக்கிக்கொண்டு காலை எடுத்து வைக்கப் போனபோது சிவக்கொழுந்து அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். சுற்றிவரப் பார்த்தாள். அந்த உரத்த குரலை இவ்வளவு தாழ்த்த முடியும் என்று மீனலோசனி அதுவரை அறிந்திருக்கவில்லை.

"பிள்ளை, ஒரு பேணியை ஆருக்கும் குடுக்காமல் உம்மடை குசினியிலை வையும். அதிலை சின்னாச்சி எண்டு எழுதும். ஞாபகார்த்தம் எண்டெல்லாம் போடாதையும், பேர் மட்டும். அங்கை ஆருக்குத் தெரியப் போகுது? ஆரும் கேட்டால், புளியங்கூடலிலை ஒரு வீட்டுப் பெட்டை எண்டு சொல்லும்."